மாமன் மடி ஒத்திகை

மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இளநீரில் வழுக்கை இருக்கிறதா என்று கேட்பார்கள். திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தண்ணீர் நிறைய இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு பேருக்கும் நான் ஒரே குலையிலிருந்துதான் வெட்டிக் கொடுக்கிறேன். இரண்டு பேரும் கேட்டது கிடைத்த திருப்தியோடுதான் காரில் ஏறுகிறார்கள். கொட்டாம்பட்டி நான்குவழிச் சாலை ஓரத்தில் இத்தனை வருடமாகக் கடை போட்டிருக்கிறேன், என்மேல் ஒரு புகார் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தால், நடந்ததெல்லாம் உங்களுக்குத் தப்பாகத் தெரியும்.

என் பெயர் ராஜபாண்டி. எனக்கு ஒரு தங்கை, அவளுக்குக் கீழே ஒரு தம்பி. தங்கை பாண்டிமீனாவை மதுரை செல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை பீமாராவ் விசைத்தறி வைத்திருக்கிறார். கீழே தறிக்கூடம், மாடியில் வீடு. கோபம் வராத மனிதர். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்ததால் யார் என்ன சொன்னாலும் பாதிதான் அவர் காதில் விழும், அதனால்தான் கோபம் வருவதில்லை என்பது என் கணிப்பு. தம்பி அருள்பாண்டி ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

பாண்டிமீனாவுக்கு ஒரே மகன், இரண்டரை வயது. சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் அவன் கருப்பு. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பிடம் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்தவன். முதல் மொட்டை அங்கேதான் என்று நேர்ந்திருந்தார்கள். ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டியது, எங்கள் அப்பா தவறிப்போனதால் தள்ளிப்போயிற்று. அதுவரைக்கும் தலையில் கத்தரி படக்கூடாது என்பதால் பையனுக்குப் பெண்பிள்ளை மாதிரி முடி. பாண்டிமீனா அதை வழித்து வாரி, உச்சியில் ஒற்றைப் பின்னலாகப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டிவிடுவாள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. வண்டி, பால், ம்மா, அவ்வளவுதான். ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதல் மொட்டை எடுக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். மாமன் என்று ஒருவனைக் கடவுள் படைத்ததே அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் என்று எங்கள் பக்கம் நினைக்கிறோம். ஊரே சுற்றி நிற்கும், மாலை போடுவார்கள், வேட்டி துண்டு கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். மூத்த மாமன் இருக்கும்போது மூத்த மாமன் மடிதான்.

ஆனால் கருப்புக்கு என்னைப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வருத்தம்தான். அருள்பாண்டி ஊருக்கு வந்தால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாயாலேயே டிராக்டர் ஓட்டிக் காட்டுவான். பையன் அவன் கழுத்தை விட்டு இறங்கமாட்டான். நான் கை நீட்டினால் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்வான். அருவாள் பிடித்துக் காய்த்துப்போன கை, பிள்ளைக்குக் குத்தும்தானே என்பாள் செல்லக்கிளி. அவள் என் மனைவி. என்னைப் பற்றி நாளுக்கு ஒன்றாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செரிக்காது.

மொட்டைக்கு நாள் குறித்த பிறகு பாண்டிமீனா போன் செய்தாள்.

“அண்ணே, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிராத. பய ஒங்கிட்ட நிக்கவே மாட்டேங்குறான். கத்தி வைக்கிறப்ப துள்ளுனான்னா வெட்டிப்புடும்னு எனக்குப் பயமா இருக்கு. தம்பி மடியில வச்சுக்கிருவமா? மால மரியாதையெல்லாம் ஒனக்குத்தேன் மொதல்ல.”

“அதுக்கென்னத்தா, புள்ள நல்லா இருந்தாச் சரிதேன்” என்றேன்.

அன்றைக்கு நான் வெட்டிய இளநீர் பாதி கோணலாகப் போயிற்று. மூத்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இளையவன் மடியில் பிள்ளையை வைத்தால் ஊரில் என்ன கேட்பார்கள்? ஒன்றும் கேட்கமாட்டார்கள். பார்ப்பார்கள். பந்தியில் எனக்குக் கறி வைக்கும்போது ஒரு பார்வை, நான் கை கழுவும்போது ஒரு பார்வை. அதற்கு வாய்விட்டுக் கேட்டுவிட்டாலே தேவலை.

நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளை துள்ளுவதுதானே சிக்கல். துள்ளாமல் உட்காரப் பழக்கிவிட்டால் யார் மடி என்ற பேச்சே எழாது. மேடை நாடகம் போடுகிறவர்கள்கூட ஒத்திகை பார்க்கிறார்கள். நாமும் ஒன்று பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நுங்கும் ஒரு பிளாஸ்டிக் லாரியும் வாங்கிக்கொண்டு செல்லூருக்குப் போனேன். அண்ணன் வந்திருக்கிறான் என்று பாண்டிமீனா கறி எடுக்கக் கடைக்குப் போனாள். மாப்பிள்ளை கீழே தறியில் இருந்தார். மாடியில் நானும் கருப்பும்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டிக் கூப்பிட்டேன். வரவில்லை. லாரியைக் காட்டினேன். வந்து லாரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஓடியவனைப் பின்னலில் பிடித்தேன். நான் பிடித்தேன், அவ்வளவுதான். இழுத்தது அவன். ஓடுகிறவன்தானே இழுப்பான். கொஞ்சம் அழுதான். செல்லூரில் தறி ஓடும்போது பிள்ளை அழுகிறதா சிரிக்கிறதா என்பது பக்கத்தில் இருக்கிறவனுக்கே தெரியாது. பாண்டிமீனா திரும்பி வந்தபோது அவன் லாரியைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கறிக்குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் போன் வந்தது. உச்சந்தலையில் ஒரு பக்கம் மெத்தென்று இருக்கிறது என்றாள். அதற்கு மறுநாள் தலை முழுக்க அப்படி இருக்கிறது என்றாள். மாமன் என்று இருந்துகொண்டு போகாமல் இருக்க முடியுமா? போய்த் தொட்டுப் பார்த்தேன். அழுத்திய இடத்தில் விரல் உள்ளே போயிற்று. உள்ளே என்னவோ தளும்பி வேறு பக்கம் ஒதுங்கியது. தட்டிப் பார்த்தே இளநீருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறவனுக்கு இது தெரியாதா?

“தலையில நீர் கோத்திருக்குத்தா” என்றேன். “தலைக்கு ஊத்திட்டு ஈரம் காயாமப் பின்னிவிட்டிருப்ப. நீர்க்கோவை மாத்திரைய உரசிப் பத்துப் போடு. வத்திப்போகும்.”

எங்கள் பக்கம் தும்மினாலும் நீர்க்கோவை, தலை வலித்தாலும் நீர்க்கோவை. அதனால் யாரும் மறுபேச்சு பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. மனதில் தோன்றுகிற சந்தேகத்தையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது. பாண்டிமீனா மாத்திரையை உரசி, மஞ்சளும் குழைத்துப் பூசினாள். மேலே பற்று காய்ந்தது, உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. வீக்கம் நெற்றிக்கு இறங்கியது. இரண்டு இமையும் உப்பி மூடிக்கொண்டு நீலமாயின. உதடு வெளுத்தது. பையன் லாரியைத் தொடக்கூட எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஓடிய தறியை அப்படியே நிறுத்திவிட்டு மாடிக்கு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளையைப் பார்த்தவர் டாக்டர் ஸ்ரீஜா. கண்ணாடி போட்ட சின்னப் பெண், சத்தமே வராத பேச்சு. முதலில் ஒரு நர்ஸை விட்டுப் பற்றைக் கழுவச் சொன்னார். அந்த நர்ஸ் எங்கள் குடும்பத்தையே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டாக்டர் புருவத்திலிருந்து பிடரி வரைக்கும் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். உச்சியில் முடியை விலக்கி நெடுநேரம் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் விரிசல் இல்லை, மூளையில் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. ஏற்றினார்கள்.

“மண்டை ஓட்டுக்கு மேல, தோலுக்குக் கீழ ரத்தம் தேங்கியிருக்கு” என்றார் டாக்டர். “அங்க ஒரு காலியான இடம் உண்டு. கசிய ஆரம்பிச்சா அணை போட அங்க ஒண்ணுமில்ல, தலை பூரா பரவும். பிறக்கும்போது தலையில வாக்குவம் வச்சு இழுத்து எடுத்த குழந்தைங்களுக்கு இப்படி வர்றதுண்டு. அவங்களுக்குச் சட்டுன்னு உயிருக்கே ஆபத்தாயிடும். ரெண்டரை வயசுல வந்தா, ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.”

“ஊசி வச்சு உறிஞ்சி எடுத்துர முடியாதாங்க?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“கூடாதுங்க. குத்தினா திரும்பக் கசியும், கிருமியும் உள்ள போகும். விட்டா அதுவே உடம்போட வத்திரும். ரத்தம் மேல குறையுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

அப்புறம் கேள்விகள். விழுந்தானா? இல்லை. பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இருந்ததா? இல்லை. தடுப்பூசி போட்ட இடம் கன்றிப்போனதா? இல்லை. பாண்டிமீனா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

“யாராவது முடியப் பிடிச்சு இழுத்தீங்களா?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னலைப் பிடித்தேன் என்று சொன்னேன் அல்லவா? எண்ணெய் தடவிய முடி, பிடி நழுவியது. அதனால் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். இதையெல்லாம் சொல்லி ஒரு டாக்டரின் நேரத்தை வீணடிக்கலாமா? வெளியே எத்தனை பிள்ளைகள் காத்திருந்தன.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். “சரி. அம்மா வழியில, குறிப்பாத் தாய்மாமன் யாருக்காவது, அடிபட்டா ரத்தம் நிக்காத கோளாறு உண்டா?”

தாய்மாமன். அந்தச் சொல்லை நான் தேடிப்போகவில்லை. அதுவாக அந்த அறைக்குள் வந்தது. பெரிய படிப்புப் படித்த ஒருத்தர் என்னைத்தான் கேட்கிறார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“எனக்கு உண்டு டாக்டர்” என்றேன். “சின்னதாக் கீறுனாலும் லேசுல நிக்காது. வீட்டுல யாருகிட்டயும் சொன்னதில்ல. பயப்படுவாகன்னு.”

பாண்டிமீனா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். டாக்டர் நிதானமாக விளக்கினார். இது ஒரு வகை ரத்தக் கோளாறாக இருக்கலாம். தாய் சுமந்திருப்பாள், அவளுக்கு ஒன்றும் செய்யாது. அவள் பெறுகிற ஆண்பிள்ளைக்கு வரலாம், அவள் கூடப்பிறந்த ஆணுக்கும் இருக்கலாம். முதல் பரிசோதனை சரியாக இருக்கிறது, ஆனாலும் மாமா இப்படிச் சொல்வதால் இன்னும் நுணுக்கமாகப் பார்த்துவிடுவோம் என்றார். நான் கவனித்துக் கேட்டேன். எனக்கும் கருப்புக்கும் ஒரே ரத்தம் என்று விஞ்ஞானமே சொல்கிறது. அருள்பாண்டிக்கு இது இல்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் என்னை எல்லோரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பாண்டிமீனா மாதுளம்பழம் அனுப்பினாள். கிளம்பும்போதும் வரும்போதும் பார்த்துப் போ அண்ணே, பார்த்து வா அண்ணே என்று போன். அருவாளைத் தொடவே கூடாது என்று அருள்பாண்டி ஓசூரிலிருந்து லீவு போட்டு வந்து என் கடையில் நின்றான். முதல் குலையிலேயே விரலை வெட்டிக்கொண்டான். ஊரே பதறி, துண்டைச் சுற்றி, அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தது. மேலூர் போய்ச் சேருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. அவனுக்கு அந்தக் கோளாறு இல்லை என்பது அப்படித்தான் ஊர்ஜிதமாயிற்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவது போல் சமாளித்தேன்.

செல்லக்கிளி மட்டும் ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“போன பங்குனியில வெரலு தொங்குற மாதிரி வெட்டிக்கிட்டு வந்தீங்களே. காப்பித்தூள அப்புனதும் நின்னுபோச்சே. அது எந்தூரு ரத்தம்?”

“அது எடது கை” என்றேன்.

“அந்தப் புள்ளைய என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள். மோர் ஊற்று என்றேன். ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது.

பாண்டிமீனா விஷயம் கொஞ்சம் சங்கடம், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்பளப் பிள்ளை பிறந்தால் பவதாரிணி என்று பெயர்கூட எடுத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை கத்தவில்லை, திட்டவில்லை. ஒரு நாள் தறியைத் துடைத்துக்கொண்டே, “இன்னொண்ணு வேணாம் மீனா, இவன் ஒருத்தன் படுறது போதும்” என்றாராம். அவள் அதை என்னிடம் சொல்லி அழுதாள். “எம் பாலுலயும் ரத்தத்துலயும் இப்புடி வெசம் இருந்திருக்கே அண்ணே. ஒனக்கும் அதே கஷ்டம். நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சேயிருக்காது.” என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அவளைத் தேற்றினேன். இந்தக் காலத்தில் ஒரு பிள்ளையை வளர்ப்பதே பெரும்பாடு என்று எடுத்துச் சொன்னேன்.

அதற்குள் பையனின் தலை வற்ற ஆரம்பித்துவிட்டது. இமையில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. டாக்டர் மட்டும் விடவில்லை. பையன் ரத்தம், அம்மா ரத்தம் எல்லாம் போயிருக்கிறது, மாமா ரத்தம் வந்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு ஊசி என்றால் பயம் என்றேன். சளி என்றேன். ஊரில் கோயில் கொடை என்றேன். கடைசியில் பாண்டிமீனாவே கொட்டாம்பட்டிக்கு பஸ் ஏறி வந்து, கடையில் நாலு பேர் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது என் காலைத் தொட்டுவிட்டாள். அப்புறம் போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஸ்ரீஜா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பஞ்சை எடுக்கச் சொல்லி, குத்திய புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பிறகு என் இரண்டு கையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், உள்ளங்கை, எல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள். ஒவ்வொன்றும் கோடு கிழித்தாற்போல் அழகாக ஆறியவை.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“எளநீக் கடைங்க.”

“எவ்வளவு நாளா?”

“வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து.”

கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நன்றி என்றார். மரியாதை தெரிந்த பெண்.

முடிவுகள் வந்த அன்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். யாருக்கும் எந்தக் கோளாறும் இல்லை என்றார். பையனுக்கு இல்லை, அம்மா எதையும் சுமக்கவில்லை, மாமாவுக்கும் இல்லை. பாண்டிமீனா அப்படியே சுவரில் சாய்ந்தாள். மாப்பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்கள். “சின்ன வயசுல மூக்குல ரத்தமா வரும். அதத்தேன் நானாப் பெருசா நெனச்சுக்கிட்டேன் போல” என்றேன். பிள்ளைமேல் இருக்கிற பாசத்தில் சொல்லியிருக்கிறார் என்று மாப்பிள்ளையே சமாதானம் சொன்னார்.

டாக்டர் சமாதானம் ஆகவில்லை. கருப்பைத் திருப்பி உட்காரவைத்து, உச்சியில் முடியை விலக்கிக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி அறுந்து, புதிதாக முளைத்துக் குத்திட்டு நின்றது.

“இத நான் மொத நாளே பாத்தேன். ரத்தக் கோளாறு இருந்தா லேசா இழுத்தாலே இவ்வளவு வரும். அதனாலதான் காத்திருந்தேன். கோளாறு இல்லன்னா இது லேசா இழுத்ததில்ல. யாரோ முடியப் பிடிச்சுத் தூக்கியிருக்காங்க. யாருன்னு தெரியாம நான் விட முடியாது. குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லியாகணும்.”

சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். நான் பாண்டிமீனாவைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தேன் டாக்டர்” என்றாள். “தெனம் நாந்தேன் பின்னிவிடுறேன். அந்த ஞாயித்துக்கெழம அண்ணே வந்திருக்குன்னு அவசரம். அவன் தலையக் குடுக்காமத் துள்ளுனான். முடியச் சுண்டி இழுத்து இறுக்கிக் கட்டுனேன். அப்பவே அழுதான். நாந்தேன். எனக்கு ஞாபகம் வந்துருச்சு.”

“நீங்க வாரி விடுறதால இப்படி ஆகாதும்மா.”

“நான் கோவத்துல இழுத்தேன் டாக்டர். எனக்குத் தெரியும்.”

அவள் பொய் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நம்பினாள். அவள் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது நான் நடுவில் புகுந்து இல்லை என்றால், பெற்ற தாயைப் பொய்க்காரி ஆக்கியதாகாதா?

இங்கே உங்களோடு நான் மட்டும்தான் இருக்கிறேன் என்பதால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னது சரி. பின்னலைக் கையில் சுற்றி, அதைப் பிடித்துத்தான் அவனைத் தூக்கி மடியில் வைத்தேன். கால் தரையில் இல்லை. முதல் தடவை கத்தினான், மடியில் வைத்ததும் துள்ளி இறங்கினான். மறுபடி தூக்கினேன். ஒத்திகை என்றால் சரியாக வரும் வரைக்கும் செய்வதுதானே. ஒரு தடவை அவன் தலையிலிருந்து, பழைய வேட்டியைக் கிழிக்கிறாற்போல் ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வைத்த இடத்தில் இருந்தான். அழக்கூட இல்லை. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, மொட்டை நல்லபடியாக நடக்கும் என்று.

குழுவிலிருந்து ஒரு அம்மா செல்லூர் வீட்டுக்கு வந்து பாண்டிமீனாவை விசாரித்தார். இன்னும் அவ்வப்போது வருகிறார். தறிக்காரர்கள் சந்து, ஒருத்தி வீட்டுக்கு ஆபீஸர் வந்தால் பத்து வாசலில் தலை தெரியும். அன்றிலிருந்து பிள்ளைக்குத் தலை வாருவது மாப்பிள்ளைதான். பாண்டிமீனாவைக் குழந்தையோடு தனியாக விட்டுக் கீழே இறங்குவதில்லை, கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். அவள் சீப்பைக்கூடத் தொடுவதில்லை. டிராக்டர் ஓட்டிக் காட்டின அருள்பாண்டிக்கு இதையெல்லாம் பார்க்கச் சகிக்கவில்லை, ஓசூருக்குப் போய்விட்டான். மொட்டைக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

ஆகவே மூத்த மாமன் மடிதான்.

தலை முழுவதும் ஆறிவிட்டது, மொட்டை போடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு புது நாள் குறித்தார்கள். அழகர்கோவிலில் நல்ல கூட்டம். செல்லக்கிளி வரவில்லை, காய்ச்சல் என்றாள். நான் பட்டுக்கரை வேட்டி கட்டி, மாலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பிள்ளையைக் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கருப்பு அவர் சட்டையைப் பிடித்தான். நான் மடியைத் தட்டினேன். சட்டையை விட்டுவிட்டான்.

தண்ணீர் தெளித்தார்கள், அசையவில்லை. கத்தி வைத்தார்கள், அசையவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் மண்டபமே இடிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன. இவன் கண்ணை என் வலது கையிலேயே வைத்துக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமில்லாமல் இருந்தான். முடி கொத்துக் கொத்தாக என் வேட்டியில் விழுந்தது. மடி வெதுவெதுப்பாக நனைந்தது. அதற்கு நான் முகம் சுளிக்கவில்லை, பிள்ளை மாமன் மடியில் ஒண்ணுக்குப் போவது உரிமைதானே.

“எத்தனையோ புள்ளைகளுக்கு எடுத்திருக்கேண்ணே. இப்புடி ஒரு புள்ளையப் பாத்ததேயில்ல” என்றார் நாவிதர்.

“மாமன் மடின்னா அப்புடித்தேன்” என்று யாரோ சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். சந்தனம் பூசினார்கள். என் கை அந்தத் தலையில் பட்டபோது கழுத்து மட்டும் லேசாக உள்ளே இறங்கிற்று, வேறொன்றுமில்லை.

கிடா விருந்தில் எல்லோரும் பந்திக்குப் போன பிறகு பாண்டிமீனா என்னைத் தேடி வந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

“அண்ணே, ஒம் மடியில என்னமா ஒக்காந்திருந்தான். நாந்தேன் ஒன்னைய நம்பாம, தம்பி மடியில வப்பம்னு சொன்னேன். எங்கிட்டதேன் புள்ள பயந்திருக்கான். எம் புள்ளைய நானே கொல்லப் பாத்தேனே அண்ணே. என்னைய மன்னிச்சிரு.”

அவள் அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதில் நடிப்பு இல்லை. நானும் மனிதன்தான். ஒரு தாய் இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு வந்து நிற்கும்போது அதைக் குத்திக்காட்டிக்கொண்டிருப்பது என் குணத்திலேயே கிடையாது. அவள் தலையில் கை வைத்து, பிள்ளையை இனிமேலாவது அடிக்காமல் இழுக்காமல் அன்பாக வளர்க்கச் சொல்லி, மனதார மன்னித்து அனுப்பினேன்.